மூக்கு ஆறுமட்டும்

சித்திரைப் புத்தாண்டு விழாவன்று, பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில், நமது சங்கத்து அம்மையார் ஒருவர் நம்மைத் தூணருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். தம் மகள் மூக்கைத் திருத்திக்கொள்ள ரண சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டாளாம். அதன் பின் வீட்டில் எவ்வாறு கவனித்துக்கொள்வது என்பதே அவர் கவலை. "உங்கள் வீட்டில் நடந்ததாமே" என்று அவர் சொன்ன பிறகுதான், நாம் இரகசியம் என்று எண்ணியிருந்த செய்தி புணே நகரத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்ததே என்பது நமக்கு விளங்கிற்று. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை அப்பொருளுக்கே ஒதுக்குகிறோம். தங்கையின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம். அவள் விதித்த நிபந்தனை ஒன்றே: நாம் செய்த தவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

முதற்கண் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சிகிச்சையை நாம் எதிர்த்தோம். மூக்குத் தண்டில் ஒரு சிறு மேடு. அது நம் தந்தையாருக்கும் இருந்தது, நமக்கும் இருக்கிறது. மூக்கும் முழியுமாக இருக்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்டோம். மூன்றாண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அண்ணே, பள்ளிக்கூடம் முழுக்க என்னைப் 'போபட்' என்றே கூப்பிட்டார்கள். உங்களுக்குத் தெரியாது." மராத்தியில் கிளிக்கு அதுதான் பெயர். அதற்கு மேல் நம்மிடம் வாதம் இல்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு மூக்குச் சிகிச்சையை நவநாகரிகக் கூத்து என்று பழிப்பதும் பொருந்தாது. மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படைக்கு வண்டிமாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், இதே புணேயின் அருகில், செங்கல் அறுப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட ஒருவர், நெற்றித் தோலை மடித்திறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். அச்செய்தி 1794 அக்டோபரில் இலண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதழில் வெளிவந்தது. அதைப் படித்தே அந்நாட்டு மருத்துவர் கார்ப்யூ 1814-இல் இம்முறையைக் கையாண்டார். நமக்கு அதில் சுவையாகப் பட்டது வெட்டியதும் ஒட்டியதும் அல்ல. நோயாளியை ஐந்தாறு நாள் மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும், பத்தாம் நாள் மூக்குத் துளைகளில் மெல்லிய துணியைச் செருகி அவை அடைபடாமல் காக்க வேண்டும் என்றெல்லாம் அக்குறிப்பில் கண்டிருக்கிறது. கத்தியின் வேலை சில நாழிகை. காவல் பல நாள் என்பது அன்றே தெரிந்திருந்தது.

மாசி முதல் வாரம் தங்கைக்குச் சிகிச்சை நடந்தது. வீடு திரும்புகையில் மருத்துவர் ஒரு தாள் கொடுத்தார். நாம் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. அச்சிட்ட விதிகளை வரிவரியாகப் படிப்பது நம் தொழிற்பழக்கம். தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டினோம். மூக்கின் மேலிருந்த கெட்டியான கவசத்தில் தண்ணீர் படலாகாது. இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்தி மல்லாந்தே உறங்க வேண்டும். முதல் இரண்டு நாள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் ஒற்றலாம், மூக்கின் மேல் வைக்கக் கூடாது. குனிந்து எதையும் எடுக்கலாகாது, பாரம் தூக்கலாகாது. மருத்துவர் எழுதியதன்றி வேறு வலி மாத்திரை கூடாது. ஆஸ்பிரின் போன்றவை இரத்தம் உறைவதைக் கெடுக்கும். தலைவழியே போடும் உடைகளை விலக்கி, முன்புறம் பொத்தான் வைத்த சட்டையே அணிய வேண்டும். இது தாளில் இல்லை, அங்கிருந்த செவிலி சொன்னது, பெரிதும் உதவிற்று.

மூன்றாம் நாள் துளைகளில் வைத்திருந்த பஞ்சை எடுத்தார்கள். அன்று மாலையே தென்காசியிலிருந்து நம் தாயார் வந்து சேர்ந்தார், ஒரு பை நிறைய நொச்சி இலையோடு. "எய்யா, ஆவி பிடிக்காம அடைப்பு எப்படி விடும்?" என்றார். நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்று எதிர்வீட்டு அம்மையாரும் ஒத்து ஊதினார். இரண்டையும் தடுத்தோம். வெந்நீராவி இரத்தக் குழாய்களை விரியச் செய்யும்; ஆறாத புண்ணில் மீண்டும் குருதி கசியும். மருத்துவர் அனுமதித்தது உப்புநீர்த் தெளிப்பு ஒன்றே. தாயார் இரண்டு நாள் நம்முடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மையாரை மறுத்தது சரி என்ற பெருமிதத்தில் இருந்த நாம்தாம், அடுத்த இரவே பெரும் பிழை செய்தோம்.

நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தங்கை, "அண்ணே, வலி கூடுகிறது, இரண்டு பக்கமும் கல் வைத்தாற்போல் அடைத்திருக்கிறது" என்றாள். சிகிச்சைக்குப் பின் அடைப்பு இயல்புதானே என்று நினைத்தோம். மறுநாள் விடியலில் நமக்கு வேலை. மாத்திரையைக் கொடுத்து, "காலையில் பார்க்கலாம்" என்று படுத்துவிட்டோம். நான்கு மணிக்குத் தாயார் எழுப்பினார். "பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கா, நீ உறங்குதியே" என்றார். ஆட்டோ பிடித்து ஓடினோம்.

மூக்கின் நடுச்சுவரில் குருதி கட்டியிருந்தது. நடுச்சுவர் குருத்தெலும்பாலானது, அதற்கென்று தனி இரத்தக் குழாய் கிடையாது. இருபுறமும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுதான் அதற்கு உணவூட்டுகிறது. இடையில் குருதி தேங்கினால் சவ்வு விலகிவிடும். சில நாளில் குருத்தெலும்பு செத்து, மூக்குத் தண்டு குதிரைச் சேணம் போல் உள்வாங்கிவிடும். சீழ் பிடித்தால் இன்னும் கேடு. மருத்துவர் தேங்கியதை வெளியேற்றி மீண்டும் பஞ்சு வைத்தார். பிறகு, "தாளின் கடைசி வரியைப் படிக்கவில்லையா?" என்று கேட்டார். படித்திருந்தோம். வலி குறைவதற்கு மாறாகக் கூடினாலும், குருதி நில்லாமல் வழிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், தண்ணீர் போல் தெளிந்த நீர் மூக்கிலிருந்து சொட்டினாலும், பார்வை மங்கினாலும் எந்நேரமாயினும் உடனே வர வேண்டும் என்றிருந்தது அந்த வரி. அம்மையாரின் மகளுக்காக நாம் எழுதுவதில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால், இதையே வைக்கும்படி வேண்டுகிறோம்.

எட்டாம் நாள் கவசத்தைக் கழற்றினார்கள். தங்கை கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். மேடு இல்லை, ஆனால் மூக்கு கத்தரிக்காய் போல் வீங்கி, கண்ணுக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாக இருந்தது. "இதற்கா இத்தனை பணம்?" என்று அன்றிரவு கேட்டாள். அப்போதே சொன்னேனே என்னும் சொல் நம் நாவின் நுனிவரை வந்தது. நான்காம் நாள் இரவு நினைவுக்கு வர, விழுங்கிவிட்டோம். கன்றின நிறம் இரண்டு வாரத்தில் மறைந்தது. வீக்கத்தின் பெரும்பகுதி அடுத்த சில வாரங்களில் வடிந்தது. முழு வடிவம் தெரிய ஓராண்டு ஆகலாம், மூக்கு நுனிதான் கடைசியில் வடியும் என்கிறார் மருத்துவர். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் வீட்டில் பாதி அழுகை குறையும்.

தமிழ் வீட்டில் தும்மலுக்குக் காரணம் தாளிப்பு. மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்பது விதி. ஆனால் மிளகாய் நெடி விதியறியுமா? இரண்டு வாரம் நம் வீட்டுச் சாம்பார் தாளிதம் இல்லாமலே இறங்கிற்று. அவள் மூக்குக்கண்ணாடி போடுபவள். ஆறு வாரம் அது மூக்குத் தண்டில் அமரலாகாது என்பதால், நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டித் தொங்கவிட்டோம். எல்லாவற்றிலும் கடினம், அத்தை மடியில் தாவி ஏறும் நம் இரண்டு வயது மகனை விலக்கி வைத்ததுதான். குழந்தையின் தலை ஒன்று இடித்தால் போதும்.

ஐந்தாம் வாரம் ரங்கபஞ்சமி வந்தது. இவ்வூரில் அன்று வண்ணப்பொடிக்குத் தப்புவார் இல்லை. வேலைக்குத் திரும்பியிருந்த தங்கை அன்று விடுப்பெடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். இங்குள்ள பெண்கள் வண்டியோட்டும்போது முகத்தை இறுக்கிக் கட்டும் துணியையும், மூக்கை உரசி இறங்கும் தலைக்கவசத்தையும் அவள் தொடவில்லை, ஸ்கூட்டரையே தொடவில்லை. லோனாவ்ளா உள்ளூர் ரயிலின் நெரிசலில் முழங்கை படும் என்று, கூட்டம் குறைந்த பின்னரே ஏறினாள். வெயிலுக்குக் குடை பிடிக்கிறாள், இன்றுவரை.

மூன்று வாரம் அவளுக்கு மணம் என்பதே தெரியவில்லை. ஒரு காலை, அடுத்த அறையிலிருந்து, "டிகாஷன் இறங்கிவிட்டதா?" என்று குரல் வந்தது. தாயார் வடிகட்டியை அப்படியே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர் திரும்புமுன், ஆச்சியின் பழைய மூக்குத்தி ஒன்றை நம்மிடம் கொடுத்துச் சென்றார். ஆறு திங்கள் கழித்துக் காட்டுங்கள், அப்போது பார்ப்போம் என்பது மருத்துவர் சொல். ஆவணி வரை அது நம் பீரோவில் இருக்கும்.