மாடிக் கூரையும் வெம்மையும்

காவிரி நாட்டில் வாழ்வோர்க்கு நிழலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் முன்னோர் வேய்ந்த கூரை மழையோடு வெயிலையும் தடுத்தது. தென்னங்கீற்றின் அடுக்குகளிடையே காற்றுத் தங்கும். அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. நாட்டோட்டு வீடுகளிலோ, ஓடுகளின் இடுக்குகள் வழியே வெங்காற்று மேலேறி வெளியேறும்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ, மாடி வகுப்பின் கீற்றுக் கூரையைப் பற்றியது. குழந்தைகள் 94 பேர் மாண்டனர். பள்ளிகளிற் கீற்றுக் கூரைகளை நீக்குமாறு அரசினர் ஆணையிட்டனர். அது முற்றிலும் தக்கதே. ஆயினும், கீற்று நீங்கியவிடத்துத் தகரம் வந்ததேயன்றி, வெப்பத்தைத் தடுக்கும் வேறொன்று வந்திலது.

இன்று நகரங்களில் மொட்டைமாடிமேற் சாய்வாகத் தகரம் வேய்ந்து, உட்புறம் பலகை அறைந்து, வாடகைக்கு விடுகின்றனர். அங்கே குடியிருப்போர் பெரும்பாலும் மாணவரும் கூலித் தொழிலாளருமே. பகலெல்லாம் காய்ந்த தகரம் தன் வெம்மையைக் கீழே வீசுகின்றது. மின்விசிறியோ அவ்வெங்காற்றையே சுழற்றுகின்றது. சிலர் தகரத்தடியில் தெர்மோகோலை ஒட்டுகின்றனர். அது வெப்பத்தைத் தடுக்குமெனினும் தீப்பற்றும் பொருள். கும்பகோணம் கற்பித்த பாடத்தை நாம் அதற்குள் மறக்கலாமோ?

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கூரையின் மேற்புறத்தை வெண்மையாக்குதல்; வெண்ணிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். இரண்டாவது, கூரைக்கும் உட்பலகைக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டங்குல இடைவெளி விடுத்து, இறவாரத்திற் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி அமைத்தல். வெங்காற்று மேலேறுவது இயல்பாதலின், கீழும் மேலும் வழியிருப்பின் அது தானே ஓடும். ஒருவழி அடைபடினும் பயன் குன்றும். ஐப்பசி அடைமழை புகாவாறு முகட்டுக்கு மூடியும், எலியும் வௌவாலும் அணுகாவாறு கம்பிவலையும் வேண்டும். மூன்றாவது, அவ்விடைவெளிக்குக் கீழே, உருக்கிய பாறையை இழையாக்கிச் செய்த எரியாப் பாயை விரித்தல். வைக்கோலும் உமியும் நம் நாட்டில் மலிவாயினும், எரிவனவாதலின் அவ்வாறே திணித்தல் தகாது.

இவற்றிற்குப் பொருள் வேண்டுமே என்பார் உளர். வேண்டும், ஆயின் வெள்ளையடித்தற்கும் முகட்டைத் திறத்தற்கும் பெரும்பொருள் வேண்டா. வாடகை பெறுவோர் அவ்விரண்டையேனும் செய்தல் கடனாம். குளிர்சாதனம் ஒன்றே மருந்தென்பாரும் உளர். ஓயாது சுடும் கூரையின்கீழ் அதனை இயக்குதல், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புதலையே ஒக்கும்.

2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசினர் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தனர். பேரிடரென்று ஏற்றபின், அதனை உயிர்கள்மேல் இறக்கும் கூரைகளை நாம் வாளாவிருந்து காணலாகாது. தீக்கு அஞ்சி ஒரு கூரையை மாற்றிய நாடு, வெயிலுக்கு அஞ்சி மற்றொன்றைத் திருத்தல் அரிதன்று. கட்டுவோரும் கட்டிடத்திற்கு இசைவளிப்போரும், சுவர் எழுமுன்னரே கூரையைப்பற்றிச் சிந்திப்பாராக.