பேர் எழுதும் வேலை



கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் படிப்பின் கடைசியில் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். என்னிடம் படித்த ஒரு தோட்டத்துப் பெண் இப்போது அரசாங்கக் கிளினிக்கின் பதிவு கவுண்டரில் பயிற்சி பெறுகிறாள். "பேர் எழுதவா இவ்வளவு படித்தாள்?" என்கிறார்கள் வீட்டார்.

பேர் எழுதுவது சின்ன வேலையா? சற்று எண்ணிப் பாருங்கள். லெட்சுமி என்ற பெயரை அந்தக் காலத்துக் கிராணிமார் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதி வைத்தார்கள். முனியாண்டிகளோ எத்தனையோ பேர்! ஒருவர் கோப்பு இன்னொருவருக்குப் போனால், ஒருவரின் இனிப்புநீர் மருந்து மற்றவர் கைக்குப் போய்விடும். ஆளைப் பிரித்துக் காட்டுவது அடையாள அட்டையின் 12 இலக்கங்கள்தாம். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண்.

குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட்தான். குடியுரிமையைக் காட்ட வழியில்லாதவருக்கோ அது கூடிவிடும். அந்த ஏழை எங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லவும் கவுண்டரில் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? மலாயில் தடுமாறும் பெரியவருக்கு, "தாத்தா, அட்டையைக் கொடுங்க" என்று தமிழில் ஒரு குரல் கேட்டால் பாதி நோய் பறந்துவிடாதா?

ஆகவே, அந்தப் பிள்ளைகளைத் தட்டிக் கொடுங்கள். நீங்களும் இன்றிரவே டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், நோய் வரும்வரை காத்திராமல் பதிவிலாகாவுக்குப் போய் விசாரியுங்கள்.