வேலியோரத்துப் பெர்ரி

ஆழ்வார்திருநகரியில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள். உறங்காப் புளி நிற்கும் ஆதிநாதர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. முன்னால் திண்ணை; பின்னால் தோட்டம். பங்குனிக் கடைசியில் நான் போனபோது, அத்தை கிணற்றடியில் ஆறு மண்தொட்டிகளின் முன்னால் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள். தொட்டிகளில் கருகிய இலைகள்.

"என்ன அத்தை இது?"

"ஸ்ட்ராபெர்ரியாம், மருமவனே. மெட்ராஸ்லே பேத்தி கேட்டா. 'ஆச்சி, நீ ஸ்ட்ராபெர்ரி வளர்த்தாத்தான் லீவுக்கு வாரேன்'னு சொல்லுதா. வித்தவன் எந்த ஊர்லேயும் வரும்னான். வரலியே!"

செடி போனது பெரிதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரையை மறந்து ஊருக்குள் வந்தது. அத்தையின் முருங்கை, மல்லிகைப் பந்தல், வாழை எல்லாம் அதோடு போயின. "தனியாக அங்கே என்ன செய்கிறாய்? வீட்டைப் பூட்டிவிட்டு வா" என்று மகன் அன்று ஆரம்பித்தவன்தான்; இன்னும் நிறுத்தவில்லை. பேத்தியும் வர மறுத்துவிட்டால், அத்தைக்குச் சொல்ல வேறு காரணம் ஏது?

ஸ்ட்ராபெர்ரி செத்ததற்கு அத்தை மேல் குற்றமில்லை. இன்று நாம் தின்னும் ஸ்ட்ராபெர்ரி, இரண்டு அமெரிக்க இனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுத் தோட்டத்தில் கலந்து பிறந்தது. குளிர்ந்த இரவுதான் அதற்குத் தாய்வீடு. மகாபலேசுவரத்திலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் செழிக்கும். இங்கே மார்கழி, தை மாதங்களில் தொட்டியில் தளிர்த்து ஆசை காட்டும். பங்குனி வெயிலுக்குத் தாங்காது. புளூபெர்ரிக்கோ குளிரோடு புளிப்பு மண்ணும் வேண்டும். ஆற்று வண்டலில் அது எப்படிப் பிழைக்கும்?

வேடிக்கை என்னவென்றால், தாவர சாஸ்திரப்படி ஸ்ட்ராபெர்ரி 'பெர்ரி'யே அல்ல! பூவின் அடிப்பாகம் பருத்துச் சதையாகிறது; மேலே ஒட்டியிருக்கும் துணுக்குகள்தான் உண்மையான கனிகள். ஒரே பூவின் சூலகம் முழுவதும் சதையாகி, விதையை உள்ளே வைத்திருந்தால் அதுவே பெர்ரி. அந்தக் கணக்கில் தக்காளி பெர்ரி, கத்தரிக்காய் பெர்ரி, தாமிரபரணிக் கரை நெடுக நிற்கும் வாழைப்பழமும் பெர்ரி!

இதைச் சொல்லிக்கொண்டே திரும்பினேன். வேலியோரம் முள்ளும் பச்சையுமாக ஒரு புதர், நட்சத்திரம் போல வெள்ளைப் பூக்கள், இடையிடையே பிஞ்சு.

"அது களா. முள்ளுப் பொதரு. செவ்வாய்க்கிழமை வெட்ட ஆள் வாரான்" என்றாள் அத்தை.

"வெள்ளத்தில் இது போகவில்லையா?"

"வேலிக்கல்லே சாஞ்சுட்டு. இது சாயலை."

"அப்படியானால் ஆளை வர வேண்டாமென்று சொல்லுங்கள். உங்கள் தோட்டத்துப் பெர்ரி இதுதான்!"

களாவைப் போல ஏழைக்கேற்ற கனிச்செடி அபூர்வம். வேரூன்றிவிட்டால் வறட்சி தாங்கும். ஆடு மாடு அண்டாது. நன்றாகப் பழுத்த கனியிலிருந்து எடுத்த விதையைக் கழுவி உடனே ஊன்ற வேண்டும். வைத்திருந்தால் முளைப்புச் சக்தி போய்விடும். வேலியாக வளர்க்க மூன்றடிக்கு ஒரு கன்று போதும். பொறுமை வேண்டும்; காய்க்க இரண்டு மூன்று வருஷமாகும். காய் ஊறுகாய்க்கு, கறுத்த பழம் தின்ன. முக்கால் பழுப்பில் பறித்துச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் தானாகவே ஜெல்லி உறையும். ஒரு எச்சரிக்கை: களாவும் அரளியும் ஒரே குடும்பம். களாவின் பாலை உப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம், அரளியோ நஞ்சு. பால் வடியும் காயையெல்லாம் குழந்தைகள் களா என்று எண்ணி வாயில் போடாதபடி செடியைக் காட்டிக் கொடுங்கள்.

அவசரக்காரர்களுக்கு முசுக்கட்டை, அதாவது மல்பெரி. பென்சில் கனத்தில் மூன்று நான்கு கணு உள்ள குச்சியைப் புரட்டாசி, ஐப்பசி மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். கவாத்துச் செய்தால் புதுக்கிளையில் காய்க்கும். செடியிலேயே கறுத்த பிறகு பறியுங்கள்; பறித்தால் மறுநாள் வரை தாங்குவதே கஷ்டம். கடைக்கு அதிகம் வராததன் ரகசியம் அதுதான். ஒரே விரோதி ஆடு, இலையை விடாது.

வைகாசியில் மறுபடி போனேன். பேத்தி வந்திருந்தாள். மகனும் வந்திருந்தான், சென்னையில் வாங்கிய பெரிய பூட்டு ஒன்றோடு. குழந்தை முதலில் பழுத்த நாலைந்து களாவைத் தின்றுவிட்டு, ஊதா நாக்கை நீட்டி அப்பாவுக்கு அழகு காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, மீதியெல்லாம் எப்போ கறுக்கும்?"

"ஆடிக்குள்ளே கறுத்துரும்."

"அப்பா, ஆடி எப்போ வரும்?"

மகன் பதில் சொல்லவில்லை. பூட்டைப் பற்றியும் பேசவில்லை.

ஐப்பசியில் அத்தை வேலியோரம் ஒரு முசுக்கட்டைக் குச்சி நட்டாள். அந்தப் பூட்டு இப்போது தோட்டத்துப் படலில் தொங்குகிறது, ஆடு நுழையாமலிருக்க.