அறத்தின் வேர் எது?

தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டியில், நாகபுரியில் இறங்கிய பயணி ஒருவர் தம் பணப்பையை இருக்கையிலேயே மறந்து சென்றார். அதனைக் கண்டெடுத்த சிறுமி, பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் ஒப்படைத்தாள். ‘கடவுள் பார்க்கிறார்’ என்னும் எண்ணம் அவளைத் தூண்டியிருக்கலாம். ‘இழந்தவர் வருந்துவாரே’ என்னும் இரக்கமும் தூண்டியிருக்கலாம். இவ்விரண்டனுள் அறத்தின் வேர் எது?

இறைவனே வேர் என்போர் கூறும் காரணம் வலிமையுடையது. மனிதர் காணாத இடத்திலும் இறைவன் காண்கிறான் என்னும் நம்பிக்கை, தனிமையிலும் ஒருவரைத் தவற்றிலிருந்து காக்கிறது. எல்லா உயிரிடத்தும் இறைவனைக் கண்ட வள்ளலார், 1867ஆம் ஆண்டு வடலூரில் பசித்தோர்க்கு உணவளிக்கும் தருமச்சாலையை நிறுவினார். அத்தொண்டிற்கு இறைப்பற்றே ஊற்றாயிற்று.

ஆயினும், ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் எழுப்பும் வினா சிந்திக்கத்தக்கது. ஒரு செயல் தெய்வங்கள் விரும்புவதால் புனிதமாகிறதா? புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதனை விரும்புகின்றனவா? இவ்வினா அறத்திற்கும் பொருந்தும். கட்டளை ஒன்றினாலேயே அறம் தோன்றுமாயின், கொலையும் கட்டளையிடப்பட்டால் அறமாகிவிடும். அதனை உண்மை அடியார் எவரும் ஏற்கமாட்டார். இறைவனைக் ‘கருணைக் கடல்’ என்று அவர் போற்றும்போதே, கருணை நல்லது என்பதை அவர் உள்ளம் அறிந்திருக்கிறது.

ஆந்திரத்தைச் சேர்ந்த கோரா கடவுள் மறுப்பாளர். தீண்டாமையை ஒழிக்கப் பாடுபட்டவர். காந்தியடிகளோ ஆழ்ந்த இறைப்பற்றாளர். ‘கடவுளே உண்மை’ என்று கூறிவந்த அவர், ‘உண்மையே கடவுள்’ என்னும் நிலைக்குத் தாம் வந்ததை 1931ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஆற்றிய உரையில் விளக்கினார். கடவுளை மறுப்போரும் உண்மையின் ஆற்றலை மறுப்பதில்லை என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. 1940களில் சேவாகிராமத்திற்கு வந்த கோராவுடன் அவர் மனம் திறந்து உரையாடினார். இருவர் நம்பிக்கையும் வேறு. தீண்டாமை தீது என்னும் முடிவு ஒன்றே. அதே காலத்தில், சமயத்தின் பெயரைச் சொல்லித் தீண்டாமையைக் காத்தவர்களும் இருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே, அறத்தின் வேர் பிறர் துன்பத்தை உணரும் உள்ளத்தில் இருக்கிறது எனக் கொள்வதே பொருத்தமாகும். இறைநம்பிக்கை அவ்வேருக்கு நீர் வார்க்கலாம். பலருக்கு வார்த்தும் வருகிறது. அந்நம்பிக்கை மட்டுமே வேர் என்று கொண்டால், நம்பிக்கை இல்லாதவரிடம் நேர்மையை எதிர்பார்க்க இயலாமற் போகும். பல சமயத்தாரும் எச்சமயமும் சாராதாரும் அண்டை வீட்டாராக வாழும் நாட்டிற்கு அஃது ஏற்றதன்று.

அத்தொடர்வண்டிப் பெட்டியிலும் பல மொழியினர், பல சமயத்தினர் இருந்திருப்பர். பையை இழந்தவர், எடுத்தவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்று வினவப் போவதில்லை. பை திரும்பக் கிடைத்ததா என்பதையே பார்ப்பார்.