வீரப் பெண்ணுக்கு வரன் தேவை



சித்திரை இதழ் என்றால் காதல் சிறுகதைச் சிறப்பிதழ் என்பது நம் வழக்கம். இந்த ஆண்டு எழுத்தாளர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டோம்: கதையில் வரும் பெண் காரியத்தில் இறங்குகிறவளாக இருக்க வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவளும், மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைப்பவளும் இந்த ஒரு மாதம் ஓய்வெடுக்கட்டும். நீந்த, ஓட, லாரி ஓட்ட, வேண்டிவந்தால் ஒருவனைப் புரட்டிப் போடத் தெரிந்த பெண்ணுக்குக் காதல் வந்தால் என்ன ஆகும் என்று எழுதி அனுப்புங்கள் என்றோம்.

கட்டுக்கட்டாக வந்தன. படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. முதல் பாதியில் யாருக்கும் தடுமாற்றமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் வம்பு செய்தவன் கன்னத்தில் பளார் விழுகிறது. பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஓடும் ஜீப்பிலிருந்து குதிக்கிறார். காதலன் வந்தபிறகுதான் கோளாறு ஆரம்பிக்கிறது. இரண்டாம் பக்கத்தில் நாலு பேரைத் தனியாளாகச் சமாளித்தவள், ஐந்தாம் பக்கத்தில் கால் தடுக்கி அவன் மார்பில் விழுகிறாள். வில்லன் துப்பாக்கியை நீட்டும்போது குறுக்கே பாய்வது அவன். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கிறாள். பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு அவன்.

இந்தக் கோளாறை இன்றைய எழுத்தாளர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. தடாதகையை எடுத்துக்கொள்ளுங்கள். மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயில் வந்து பிறந்த பெண். முடிசூடி, படை திரட்டி, இந்திரனில் தொடங்கித் திக்குப் பாலகர்களை ஒவ்வொருவராக வென்று, கயிலை வாசலில் நந்தியையும் கணங்களையும் விரட்டிவிட்டு நிற்கிறாள். எதிரே சிவன். அந்த நொடியில் அவளுடைய மூன்றாவது தனம் மறைகிறது, வில்லை ஏந்திய கை தளர்கிறது, தலை குனிகிறது. திருவிளையாடல் சொல்லும் கதை இது. தமிழில் போர்க்களத்தில் நடந்த முதல் தரமான காதல் காட்சி எதுவென்றால் நான் இதைத்தான் சொல்வேன். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகம், திக்விஜயம், மறுநாள் திருக்கல்யாணம் என்று அடுத்தடுத்து நடக்கும். திக்விஜயத்தன்று மாசி வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கணத்தின் சுவை தெரியும்.

ஆனால் மதுரைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். புராணத்தில் தலை குனிந்தவளைத் தங்கள் ஊரில் தலை நிமிர வைத்துவிட்டார்கள். திருக்கல்யாணம் முடிந்த பிறகும் சித்திரை முதல் ஆடி வரை ஆட்சி மீனாட்சி என்ற அந்தத் தடாதகையுடையது. ஆவணியில்தான் சுந்தரேசுவரர் கைக்குச் செங்கோல் மாறுகிறது. "உங்கள் வீட்டில் சிதம்பரமா, மதுரையா?" என்று கேட்டுச் சிரிக்கிறோமே, அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு கதாசிரியனுக்குத் தேவையான பாடம் முழுவதும் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்குச் செங்கோல் உண்டு. அவருக்கும் அதில் வருத்தம் இல்லை.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அதே மதுரையை ஆண்டவளாகக் கதைப்பாட்டு சொல்லும் அல்லியைப் பாருங்கள். ஆணே இல்லாத அரசாங்கம் நடத்தியவள். அவளை நேருக்கு நேர் வெல்ல முடியாத அர்ச்சுனன் கண்ணனின் தயவில் மாறுவேடம் போட்டு உள்ளே நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். பெரிய எழுத்துப் புத்தகங்களில் பாட்டிமார் ராகம் போட்டுப் படித்த கதை. அதைக் காதல் கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சோரம் என்பேன். குண்டலகேசிக் கதை இன்னும் கடுமை. கொலைக்களத்துக்குப் போகவிருந்த காளன் என்ற கள்வனை ஆசைப்பட்டு மீட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறாள் அந்த வணிகர் மகள். ஒருநாள் மலை உச்சிக்கு அழைத்துப் போய்த் தள்ளிவிடப் பார்க்கிறான். "சாகுமுன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன்" என்று கேட்டு, பின்பக்கம் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள். முழுக் காப்பியம் நமக்குக் கிடைக்கவில்லை, கதை மட்டும் தப்பிப் பிழைத்தது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றின் நாயகி காதல் கணவனை மலையிலிருந்து உருட்டியவள் என்பதை, "தமிழ்ப் பெண் இப்படியெல்லாம் செய்வாளா?" என்று கடிதம் எழுதும் அன்பர்களுக்கு மெதுவாக நினைவூட்டுகிறேன்.

இந்த மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எங்கள் தபால் குவியலின் கோளாறு எனக்குப் பிடிபட்டது. அவளை எழுதுவது சுலபம். எழுதக் கஷ்டமானவன் அவன். அவளுக்கு எதிரே நிற்கும் ஆண் யார், அவள் கையில் கம்பு இருக்கும்போது இவன் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வான் என்று எழுத்தாளருக்குத் தெரியவில்லை. தெரியாததால் அவள் கம்பைப் பிடுங்கி இவனிடம் கொடுத்துவிடுகிறார்.

கல்கிக்குத் தெரிந்திருந்தது. 'பொன்னியின் செல்வ'னில் குந்தவைக்கும் நந்தினிக்கும் ரசிகர்கள் அதிகம். என் ஓட்டு கோடிக்கரைப் பூங்குழலிக்கு. புதைசேற்றில் இறங்கிக்கொண்டிருக்கும் வந்தியத்தேவனைக் கரையேற்றுகிறாள். பிறகு நடுக்கடலில் அவனையும் அருள்மொழிவர்மரையும் காப்பாற்றிப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறாள். நாவலின் வீராதிவீரர்கள் இருவரும் ஒரு படகோட்டிப் பெண்ணின் துடுப்பை நம்பிப் பிழைக்கிறார்கள். அவளுக்குக் கல்கி பார்த்த மாப்பிள்ளை யார்? தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூமாலை கட்டுகிற அத்தை மகன் சேந்தன் அமுதன். வாளெடுக்கத் தெரியாது, தேவாரம் பாடத் தெரியும். அவள் மனம் எங்கே போகிறதென்று தெரிந்தும் முகம் சுளிக்காமல் காத்திருக்கிறான். 1950களில் தொடராக வந்தபோது இவனை 'சப்பை' என்று ஒதுக்கியவர்கள் உண்டோ என்னவோ, இன்று படித்தால் கதையிலேயே துணிச்சலான ஆண்களில் ஒருவனாகத் தெரிகிறான். பின்னால் அவனுக்கு ராஜ்யமும் கொடுத்தார் கல்கி. கொடுக்காமல் விட்டிருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, பூந்தோட்டமே போதும்.

சினிமாவிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு, ஆனால் திரைக்குப் பின்னால். 1935இல் வந்த 'ஹண்டர்வாலி'யில் முகமூடியும் சாட்டையுமாக வந்து பம்பாயைக் கலக்கியவர் நாடியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்த மேரி ஆன் எவன்ஸ். குதிரை, ஓடும் ரயிலின் கூரை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த அலை தெற்கேயும் அடித்தது. 1937இல் இங்கே கே.டி. ருக்மிணி 'மின்னல்கொடி'யாக வந்தார். நாடியாவை அந்த உயரங்களில் ஏறவைத்துப் படம் பிடித்த இயக்குநர் ஹோமி வாடியா அவரை நேசித்தார். ஹோமியின் அம்மா சம்மதிக்கவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். 1961இல், ஐம்பது வயதைத் தாண்டிய நாடியாவை ஹோமி கைப்பிடித்தார். அத்தனை வருடமும் "வேண்டாம், ஏறாதே" என்று சொல்லாமல் "ஸ்டார்ட், கேமரா" என்று சொன்னவர் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் இந்நேரம் மாடஸ்டியை எங்கே காணோம் என்று பொறுமையிழந்திருப்பார்கள். வந்துவிட்டேன். 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்தது 'கத்தி முனையில் மாடஸ்டி'. ஒரு புதிய பத்திரிகை பெண்ணை முன்னால் நிறுத்திக் கடை திறந்தது அந்த நாளில் சின்ன விஷயம் இல்லை. மாடஸ்டியும் அவளுடைய கூட்டாளி கார்வினும் காதலர்கள் இல்லை, இருந்தாலும் அந்த இருவர் நடுவே இருப்பதைவிட உறுதியான அன்பை நான் பல காதல் நாவல்களில் பார்த்ததில்லை. அவளை உருவாக்கிய ஆங்கில எழுத்தாளர் பீட்டர் ஓடானல் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது. மேடலின் பிரென்ட் என்ற பெண் பெயரில் ஒளிந்துகொண்டு காதல் நாவல்கள் எழுதினார். அந்தப் பெயருக்கு 1978இல் பிரிட்டனின் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் பரிசும் கிடைத்தது. நம் ஸ்ரீவேணுகோபாலன் ஒரு கையால் 'திருவரங்கன் உலா'வும், புஷ்பா தங்கதுரை என்ற மறு கையால் குற்றக் கதைகளும் எழுதவில்லையா, அதுபோல. அடிதடிக்கும் காதலுக்கும் தனித்தனி எழுத்தாளர் தேவையில்லை.

சரி, இந்த இதழுக்கு வருகிறேன்.

முதல் கதையின் நாயகி சிலம்ப ஆசான் மகள். அப்பாவுக்கு மூட்டு வலி வந்தபிறகு வாத்தியாரம்மா அவள்தான். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் ஒருவன் தொப்பையைக் குறைக்க வந்து சேர்கிறான். ஒரு மாதம் முழுவதும் காலடி வரிசைதான். கம்பைத் தொடவே விடவில்லை. தொட்ட அன்றே விரல் முட்டியில் ஒன்று வாங்குகிறான். மறுநாள் மஞ்சள் பற்றோடு வந்து, "நேற்று அடித்தது எந்தச் சுற்றிலிருந்து வந்தது? இன்னொரு தடவை காட்டுங்கள்" என்கிறான். அந்த ஒரு வரியில் அவள் விழுந்துவிட்டாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரிய இன்னும் நாலு பக்கம் ஆகிறது. கடைசியில் கோயில் திருவிழாப் பந்தயம். கம்பின் நுனியைத் திருநீற்றில் தோய்த்திருக்கிறார்கள், உடம்பில் எங்கே பட்டது என்று தெரிவதற்காக. வீச்சு சுழன்று வந்து அவன் நெற்றிக்கு முன்னால் நிற்கிறது. அவன் இமைக்கவில்லை. நுனி மெல்ல நகர்ந்து புருவ மத்தியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஊரே சிரிக்கிறது. பொட்டு வைத்தது அவள். சண்டையை முடித்துவிட்டுக் காதல் காட்சிக்கு இடம் தேடாமல், சண்டையையே காதல் காட்சியாக்கியதால் எட்டுப் பக்கத்தில் இரண்டும் அடங்கிவிட்டன.

இன்னொரு கதை பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றியது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, முகத்தில் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச் சுற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி வருகிறவர்கள் அவர்கள். கடலுக்கு அடியில் இருப்பதற்கு இப்படியொரு வாசனைப் பெயர் வைத்தவர் யாரோ, அவரும் காதல் கதைக்காரராகத்தான் இருக்க வேண்டும். கதையில் அவன் வத்தைப் படகில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணுகிறவன். முதல் பிரதியில் உச்சக்கட்டத்தில் அவன் கடலில் குதித்து அவளைத் தூக்கி வந்தான். எழுத்தாளரைப் போனில் கூப்பிட்டேன்.

"அவனுக்கு நீச்சல் தெரியாதென்று ரெண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கீங்களே சார்?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆமாம்ல!" என்றார்.

இப்போது அச்சாகியிருக்கும் முடிவில் அவன் குதிக்கவில்லை. எண்ணிக்கை வழக்கத்தைத் தாண்டிப் போகிறது. அவன் துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருக்கிறான். அந்த அரைப் பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை எனக்கும் மூச்சு வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அந்த எழுத்தாளர் காட்டிவிட்டார்.

இடைச்செருகலாக ஒரு குறை. வந்தவற்றில் பாதிக்கு மேல், அவள் ஏன் சண்டை கற்றாள் என்பதற்கு ஒரு கோரச் சம்பவம் சொல்லப்பட்டிருந்தது. யாரோ அக்காவை நாசம் செய்தான், யாரோ அப்பாவைக் கொன்றான். ஒரு பையன் கராத்தே வகுப்புக்குப் போனால் நாம் காரணம் கேட்பதில்லை, ஆசைப்பட்டான் போகிறான். பெண்ணுக்கும் ஆசை போதும். இப்படிக் காரணம் சுமக்காத கதைகளுக்கே முன்னுரிமை கொடுத்தேன்.

கல்யாணத்தில் முடியாத கதைகளும் இந்த இதழில் இருக்கின்றன. ஒன்றில் அவள் எல்லைக் காவலுக்குப் போய்விடுகிறாள். அவன் மன்னார்குடியில் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான், செல்போன் சிக்னல் கிடைக்கும் இரவுகளில் பேசிக்கொள்கிறார்கள். "கடையை மூடிவிட்டு அவனும் போகக் கூடாதா?" என்று எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி உண்டாகி, இன்னும் டீ நேரத்தில் வாக்குவாதம் ஓயவில்லை. நீங்களும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்து எழுதுங்கள்.

அதோடு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த வீரப் பெண் யார் என்று கேட்டால் பட்டியல் எல்லோரிடமும் இருக்கும். அதனால் வேறு கேட்கிறேன். கதையிலோ சினிமாவிலோ, அப்படிப்பட்ட ஒருத்திக்குப் பொருத்தமானவன் என்று நீங்கள் நினைக்கும் ஆண் யார், ஏன்? போஸ்ட் கார்டு அளவுக்கு எழுதினால் போதும், வைகாசி இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சேந்தன் அமுதனுக்கு எத்தனை ஓட்டு விழுகிறதென்று பார்க்க ஆசை.

அன்புடன்,
ஆசிரியர்