மணமேல்குடி எந்த நாட்டில் இருக்கிறது?

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள். புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசல், குடுமியான்மலை, தொண்டைமான் அரண்மனை, வானம் பார்த்த பூமி... இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் வடக்கே கட்டுமாவடியில் தொடங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வழியாக மீமிசலைத் தாண்டிச் செல்லும் சுமார் 40 கி.மீ. கடற்கரை இந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு வடக்கில் தஞ்சாவூர் மாவட்டம், தெற்கில் ராமநாதபுரம் மாவட்டம், எதிரே பாக் நீரிணை.

இந்த 40 கி.மீ. யாருடையது என்பதில்தான் வழக்கே! இது சோழ மண்டலம் என்பார் ஒருவர். இல்லை, பாண்டிச் சீமை என்பார் இன்னொருவர். காவிரி டெல்டாவின் கடைசிப் பகுதி என்பது மூன்றாவது கட்சி. புதுக்கோட்டைச் சீமை என்பது நான்காவது கட்சி. ஒவ்வொருவரிடமும் ஆதாரம் இருக்கிறது, யாரும் பொய் சொல்லவில்லை. பிறகு ஏன் இந்த வழக்கு தீரவில்லை?

சோழரா, பாண்டியரா?

சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக மரபில் சொல்லப்படுவது வெள்ளாறு. பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கும் வெள்ளாறு அல்ல, புதுக்கோட்டை வழியாக ஓடி மணமேல்குடி அருகே கடலில் சேரும் தெற்கு வெள்ளாறு. ஆற்றுக்கு வடக்கே சோழன், தெற்கே பாண்டியன் என்று கணக்கை முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் மன்னர்கள் ஆற்றைப் பார்த்து நின்றவர்கள் அல்லர். சோழர்கள் மதுரை வரை போனார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் காஞ்சிபுரம் வரை வந்தார்கள். இந்த மாவட்டத்துக் கோயில்களில் சோழர் கல்வெட்டும் உண்டு, பாண்டியர் கல்வெட்டும் உண்டு. எந்த நூற்றாண்டைக் காட்டுகிறோமோ அதற்கேற்ற எல்லை கிடைக்கும்.

மணமேல்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்த குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது. பெரியபுராணம் இதைப் பாண்டி நாட்டு ஊராகவே காட்டுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சோழ மன்னனிடம் அமைச்சராக இருந்தவர். அவரே இதைச் சோழ நாட்டில் சேர்க்கவில்லை! பக்கத்தில் உள்ள ஆவுடையார்கோயில் என்கிற திருப்பெருந்துறையின் கதையும், பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு வந்த மாணிக்கவாசகரின் கதைதான்.

ஐரோப்பியர்கள் வந்து இன்னொரு குழப்பம் செய்தார்கள். சோழ மண்டலம் என்ற பெயர் அவர்கள் வாயில் 'கோரமண்டல்' ஆனது. அந்தக் கடற்கரை வேதாரண்யத்துக்கு அருகே உள்ள கோடியக்கரையில் முடிகிறது என்று சில நூல்கள் சொல்கின்றன. கன்னியாகுமரி வரை நீள்கிறது என்று வேறு சில நூல்கள் சொல்கின்றன. முதல் கணக்கில் மணமேல்குடி வெளியே, இரண்டாவது கணக்கில் உள்ளே. இதில் இன்னொரு சுவையான செய்தி, மணமேல்குடியிலும் ஒரு கோடியக்கரை இருக்கிறது. கோடி என்றால் முனை, கடைசி. ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் கடைசி!

கடல் இல்லாத சமஸ்தானம்

புதுக்கோட்டைப் பெருமை பேசுகிறவர்கள் சமஸ்தானத்தை முன்னிறுத்துவது வழக்கம். ஏறத்தாழ 1,180 சதுர மைல் பரப்புள்ள அந்தச் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. 1948 மார்ச் 3 அன்று அது இந்திய யூனியனுடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனபோது, தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கிப் பகுதி அதனுடன் சேர்க்கப்பட்டது. கடல் அப்படித்தான் வந்தது. ஆகவே தொண்டைமான் ஆட்சியின் பெருமையைக் கட்டுமாவடி வரை நீட்டுவது வரலாறு ஆகாது. அதே சமயம், கடற்கரைக்காரர்களைப் "பிறகு வந்து சேர்ந்தவர்கள்" என்று ஒதுக்குவதும் நியாயம் ஆகாது.

பழைய எல்லைச் சண்டைகளும் வெறும் பெருமைக்காக நடந்தவை அல்ல. கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த ஊர்களையும் தஞ்சை மராட்டியரும் தொண்டைமானும் நெடுங்காலம் உரிமை கொண்டாடினார்கள். 1803-ல் ஆங்கிலேயர் அதைத் தொண்டைமானுக்குக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு யானை தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த யானையை அவர்கள் வற்புறுத்திக் கேட்கவில்லை, 1836-ல் நிபந்தனையே கைவிடப்பட்டது. யானை யாருக்கு வேண்டும்? கீழாநிலையின் விளைச்சலும் வரியும்தான் சண்டைக்குக் காரணம்.

வெட்டி வந்த காவிரி

டெல்டா என்ற வாதத்துக்கு வருவோம். காவிரியின் இயற்கையான கிளை ஆறுகள் எதுவும் மணமேல்குடிக்கு வரவில்லை. வந்தது கால்வாய். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்தது கல்லணைக் கால்வாய். தஞ்சாவூர்க்காரர்கள் இதைப் 'புது ஆறு' என்பார்கள். கல்லணையில் பிரிந்து, தஞ்சாவூர் நகருக்குள் புகுந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வந்து, சுமார் 148 கி.மீ. ஓடி, மணமேல்குடிக்கு அருகே மும்பாலை ஏரியில் முடிகிறது.

மண்ணியல் அறிஞர் இதை டெல்டா இல்லை என்று சொல்லலாம். ஆனால் காவிரித் தண்ணீரில் நாற்று நட்டுக் கடைமடையில் காத்திருக்கும் விவசாயிக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 2020-ல் சட்டமே ஒரு பதில் தந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நிறைவேறிய வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய 5 சேர்க்கப்பட்டன. அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டங்களுக்கும், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றுக்கும் தடை வந்தது. ஏற்கனவே நடந்துவந்த பணிகளைச் சட்டம் தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திருவரங்குளம் ஒன்றியத்தில்தான் நெடுவாசல் இருக்கிறது. ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து 2017-ல் மாதக்கணக்கில் போராடிய ஊர். அந்த வட்டாரம் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பி விவசாயம் செய்வது. ஆற்றை அளந்து 'உண்மையான' டெல்டா எல்லையைப் போட்டிருந்தால் நெடுவாசல் வெளியே நின்றிருக்கும். மக்கள் போராடியதால் எல்லை நகர்ந்தது. நல்லதுதானே!

கடலுக்குள் ஒரு கோடு

மாவட்டம் பிறந்த அதே 1974-ல், இந்தக் கடற்கரைக்கு எதிரே இன்னொரு எல்லையும் பிறந்தது. ஜூன் 26, 28 தேதிகளில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாக் நீரிணையில் ஒரு கோடு போட்டது. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. சோழனா பாண்டியனா என்ற விவாதத்தில் யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆனால் இந்தக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் திரும்பத் திரும்பக் கைதாகிறார்கள், படகை இழக்கிறார்கள். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன படகில் இருந்த 4 மீனவர்கள், இலங்கைக் கடற்படைக் கப்பலுடன் நேர்ந்த மோதலுக்குப் பின் பிணமாகத்தான் கரைக்கு வந்தார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்தக் கோட்டுக்கு அப்பால் வலை வீசுகிறவர்களும் தமிழ் மீனவர்களே. போரில் எல்லாம் இழந்து மீண்டும் கடலுக்கு வந்தவர்கள். இழுவைமடிப் படகுகள் தங்கள் வலையையும் கடலடியையும் நாசம் செய்கின்றன என்பது அவர்களுடைய புகார். சோழப் பெருமையோ பாண்டியப் பெருமையோ இதற்கு விடை தராது.

எது உண்மையான எல்லை?

ஆக, ஒரே மணமேல்குடி புராணத்தில் பாண்டி நாடு, பழைய வருவாய்க் கணக்கில் தஞ்சாவூர், இன்றைய ஆட்சியில் புதுக்கோட்டை, பாசனத்திலும் சட்டத்திலும் டெல்டா, கடலில் நாட்டின் விளிம்பு. இதில் ஒன்று மட்டும் உண்மை, மற்றவை பொய் என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு கோட்டையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு வேலைக்காகப் போட்டார்கள். வரி வாங்க ஒன்று, தண்ணீர் பங்கிட ஒன்று, நிலத்தைக் காக்க ஒன்று. அந்த வேலையை மறந்துவிட்டுக் கோட்டை மட்டும் கும்பிடுவதால்தான் சண்டை தீரவில்லை.

ஊர்ப்பெருமை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். நெடுவாசலைக் காத்ததில் ஊர்ப்பெருமைக்கும் பங்கு உண்டு. ஆனால் "எங்கள் ஊர் யாருடைய நாடு?" என்று கேட்பதை விட, "இந்தக் கோடு எங்கள் ஊருக்கு என்ன தருகிறது, எதைத் தடுக்கிறது?" என்று கேட்பதே பயனுள்ளது. பாதுகாப்பு மண்டலத்துக்கு வெளியே நிற்கும் 8 ஒன்றியங்களிலும் உழுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தாக்கியபோது, அது டெல்டா எது, மேட்டு நிலம் எது என்று பார்த்துக்கொண்டா தென்னையையும் பலாவையும் சாய்த்தது?

கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருகிறதா, கடலுக்குப் போனவர் வீடு திரும்புகிறாரா... இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கட்டும். சோழனா பாண்டியனா என்பதை அதன்பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம்.