மன்னித்துவிட்டாள், சுபம்!

காதல் நாவல் படிப்பதை வெட்டிவேலை என்று நினைக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ரமணிசந்திரன் நாவல்கள் தொடங்கி, இன்று செல்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் பிரதிலிபி தொடர்கள் வரை விரும்பிப் படிப்பவள் நான். யாரை நம்பலாம், எதுவரை பொறுத்துப்போகலாம், எதை மன்னிக்கலாம் என்பதைப் பெண்களில் பலர் இந்தக் கதைகளிலிருந்துதான் கற்றுக்கொள்கிறோம். அதனால்தான் இவற்றோடு சண்டை போடவும் வேண்டியிருக்கிறது.

உடைந்த நம்பிக்கையும் அது மீண்டும் ஒட்டுவதும் இக்கதைகளுக்கு மிகவும் பிடித்த கரு. 'ஆன்டி ஹீரோ' கதை என்று தனி வகையே இருக்கிறது. நாயகன் நாயகியைச் சந்தேகப்படுவான், சொல்லால் குத்துவான், சில கதைகளில் கையும் நீட்டுவான். கடைசியில் ஒரு கடிதமோ யாரோ ஓர் உறவுக்காரியின் வாக்குமூலமோ அவள் குற்றமற்றவள் என்று காட்டிவிடும். அவன் ஒரு பக்கத்துக்கு அழுவான். அவள் மன்னித்துவிடுவாள். சுபம்.

இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, அவள் 'தூய்மையானவள்' என்று நிரூபணமானால்தான் காயம் ஆறுகிறது. பெண்ணைத் தீக்குளிக்கச் சொன்ன புராணத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இரண்டு, இத்தனை பக்கங்களில் சாதி என்ற சொல்லே வராது. 'அந்தஸ்து' வரும், 'நல்ல குடும்பம்' வரும், 'நம்ம பழக்கவழக்கம்' வரும். சாதி ஒழிந்துவிட்டதால் அல்ல. எல்லோரும் ஒரே சாதிதான் என்பது சொல்லாமலே விளங்கிவிடுவதால்.

சாதியைத் தொடாமல் இங்கே காதலின் காயத்தை உண்மையாக எழுத முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதி அமைப்புகளின் எதிர்ப்பால் ஊரறிந்த அந்த நாவல், அடிப்படையில் ஒரு காதல் கதை. காளியும் பொன்னாவும் ஒருவர்மீது ஒருவர் உயிரையே வைத்திருக்கும் கணவன் மனைவி. பிள்ளை இல்லை என்ற ஏச்சு இருவரையும் அரிக்கிறது. கணவன் சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லி அவளைத் தேர்த் திருவிழாவுக்கு அனுப்பிவைக்கிறது குடும்பம். அவள் தன்னை ஏமாற்றிவிட்டதாக அவன் நொறுங்கிப்போகிறான்.

அந்த நொறுங்கலுக்குள் என்ன இருக்கிறது? காதல் இருக்கிறது, ஆணின் உடைமை உணர்வு இருக்கிறது, சாதியும் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் அவளைத் தொடுகிறவன் தீண்டப்படாத சாதிக்காரனாக இருந்துவிட்டால், அதன்பின் அவளைத் தன்னால் தொடவே முடியாது என்று காளி நினைக்கும் இடம் நாவலில் உண்டு. மனைவியை அவ்வளவு நேசிக்கும் மனிதனின் காயத்துக்குள் சாதித் திமிரும் சேர்ந்தே புண்ணாகிக் கிடக்கிறது. உணர்ச்சி யதார்த்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அதன் தொடர்ச்சியாக 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரண்டு நாவல்களை அவர் எழுதினார். ஒன்றில் காளி இறந்துவிடுகிறான். இன்னொன்றில் பிழைத்துக்கொண்டு, பொன்னாவோடு பேசாமலே அவளைத் தண்டிக்கிறான். நம்பிக்கை உடைந்த பிறகான வாழ்க்கையை எழுத இரண்டு தனி நாவல்கள் தேவைப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கக் கண்ணீரில் அது முடியவில்லை.

அந்த நாவலில் வரும் அதே திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்துதான் 2015 ஜூனில் தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு கோயிலுக்குச் சென்ற தோழி பிறழ் சாட்சியானார். 2022இல் உயர்நீதிமன்றத்தில் கண்காணிப்புக் கேமராப் பதிவைக் காட்டிக் கேட்டபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். துரோகம் என்ற ஒரே சொல்லில் இதைக் கடந்துவிடலாம். வழக்குக்கு வேண்டியது சாட்சியம். ஆனால் நாவலின் வேலை இத்தகைய இடத்தில்தான் தொடங்குகிறது. தன் முகத்தையே தன்னுடையது அல்ல என்று ஒரு பெண் சொல்ல நேர்கிற சமூகத்தில், காதலும் நட்பும் நம்பிக்கையும் எவற்றின்மேல் நிற்கின்றன?

நம் பக்கத்து எழுத்திலும் ஒரு குறை உண்டு. நாம் கொண்டாடும் சாதி மறுப்புக் காதல் கதைகள் பெரும்பாலும் சாவில் முடிகின்றன. ஆணவக் கொலைகள் நடக்கும் மண்ணில் அது பொய்யில்லை. ஆனால் சாகாமல் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். சுயமரியாதைத் திருமணம் முடித்து, வேறு ஊரில் வாடகை வீடெடுத்து, தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு வாழ்கிறவர்கள். அவர்களுக்குள்ளும் நம்பிக்கை உடைகிறது. சண்டையில் "உனக்காகத்தானே எல்லாரையும் விட்டுட்டு வந்தேன்" என்ற சொல் ஒருநாள் வந்து விழுகிறது. பேரப்பிள்ளை பிறந்ததும் சமாதானமாகும் மாமியார், மருமகளுக்கு மட்டும் தனித் தம்ளர் வைக்கிறார். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல அவன் சாப்பிடுகிறான். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, விடு" என்கிறான். அந்த 'விடு' என்ற சொல்லில் உடைவது, எந்த வில்லியின் சதியிலும் உடைவதைவிடப் பெரியது. அதை எழுதிய நாவல்கள் நம்மிடம் எத்தனை?

சாதிக்கு உண்மையான மருந்து கலப்பு மணமே என்று அம்பேத்கர் 1936இல் 'சாதியை அழித்தொழித்த'லில் வாதிட்டார். இரத்தக் கலப்பே நாம் உறவினர் என்ற உணர்வை உண்டாக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த உணர்வு பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் அன்றே வந்துவிடுவதில்லை. சமையலறையில், படுக்கையில், பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் ஒவ்வொரு நாளும் உருவாக வேண்டியது அது. அந்த நாட்களை எழுதுவது பிரச்சாரத்துக்குக் குறைந்த வேலை அல்ல.

எழுத நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். காதல் நாவலை இளக்காரமாகப் பார்க்காமல், லட்சம் பெண்கள் படிக்கும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். பிரிந்தவர்கள் சேரட்டும், மகிழ்ச்சியான முடிவுக்கு நான் எதிரியல்ல. ஆனால் அவள் மன்னிப்பதற்கு முன்னால், அவன் தன் அம்மாவிடம் அந்தத் தம்ளரைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.